கதவைத் திறந்தால் அடிக்கும் மணி

அலுவலகத்தில் அவளுக்குத் தாலாட்டு என்று பெயர். பாட்டு அவளுக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. சாதனங்களைத் தூங்க வைக்கும் நிரல் எழுதுகிறவள் என்பதால் யாரோ விளையாட்டாக வைத்தார்கள், ஒட்டிக்கொண்டுவிட்டது. புதிதாகச் சேர்கிறவர்கள் விஷயம் தெரியாமல் அவளைப் பாடச் சொல்லிக் கேட்பதும், மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதும் வழக்கமாகிவிட்டது. அவளும் சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

அந்த வேலையை அவள் ஆசைப்பட்டு எடுத்துக்கொள்ளவில்லை. படுக்கையில் கிடக்கிறவர்களுக்காக ஒரு சின்னப் பெட்டி செய்யும் நிறுவனம் அது. பெட்டியைக் கூடத்துச் சுவரில் மாட்டிவிட்டால், வாசல் கதவு திறந்தால் அதற்குத் தெரியும், கூடத்தில் ஆள் நடமாடினால் தெரியும், படுக்கையில் இருப்பவர் பொத்தானை அமுக்கினால் வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி மணி அடிக்கும். நிறுவனம் தொடங்கிய புதிதில் திரையை ஒருவன் எடுத்துக்கொண்டான், ஒலியை இன்னொருவன் எடுத்துக்கொண்டான். ஆளாளுக்கு நல்லதைப் பிய்த்துக்கொண்டு போனபின் மிஞ்சிக் கிடந்தது கெர்னல் என்கிற அடிப்படை நிரலுக்குள் இருக்கும் பஸ்ஸும் அதன் மின்சாரச் சிக்கனமும். கடைசியாக வேலைக்குச் சேர்ந்து வாசலில் நின்றுகொண்டிருந்தவள் தலையில் அதைக் கட்டினார்கள். ஆள் இல்லாத அறையில் மின்விசிறி சுற்றினால் பொறுக்க மாட்டாதவள் அவள். விருந்துக்குப் போன வீட்டில்கூட எழுந்துபோய் அணைத்துவிட்டு வருவாள். அவளுக்கு இந்த வேலை அமைந்தது ஒரு விதத்தில் பொருத்தம்தான்.

பஸ் என்றால் சாலையில் ஓடுவது இல்லை. கதவு உணரி, நடமாட்ட உணரி, படுக்கை மணி என்று அந்தப் பெட்டியோடு பேசும் எல்லாச் சாதனங்களும் தொற்றிக்கொண்டிருக்கும் ஒரே பொதுக் கம்பி. அதை மேய்க்கும் நிரலைத்தான் பஸ் டிரைவர் என்பார்கள். மின்சாரம் போனாலும் பெட்டி பேட்டரியில் நாள் கணக்கில் தாக்குப்பிடிக்க வேண்டும். அதனால் வேலையில்லாத நேரத்தில் கம்பியில் இருக்கும் எல்லாரும் தூங்கியாக வேண்டும். முதலில் சாதனங்கள் தூங்கும், பிறகுதான் பஸ் தூங்கும். எழும்போது பஸ் முதலில் எழுந்து மற்றவர்களை எழுப்பும். வீட்டில் தாய் கடைசியாகப் படுத்து முதலில் எழுவது மாதிரி என்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஒரே உதாரணத்தைத் தேய்த்துத் தேய்த்துச் சொல்வார்கள். கல்யாணமான புதிதில் அவளும் மாமியாரிடம் அதைச் சொன்னாள்.

"இங்க கடைசியா படுக்கிறதும் மொதல்ல எழுந்திரிக்கிறதும் நான்தான். எனக்கு யாரும் சம்பளம் குடுக்கலையே" என்றார் மாமியார்.

மாமியாருக்கு வாய் அப்படி. பக்கத்து வீட்டுக்காரி மருமகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டதற்கு, "பஸ் டிரைவருங்களைத் தூங்க வைக்கிறாளாம். நல்லவேளை, நாம யாரும் பஸ்ல போறதில்ல" என்று முகத்தை ஒரு மாற்றமும் இல்லாமல் வைத்துக்கொண்டு சொன்னவர். விஷயம் புரியாமல் சொல்லவில்லை, எல்லாம் புரிந்துதான். மின்விசிறிகளை அணைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வரும் மருமகளுக்குக் கரண்ட் ஆபீஸ்காரி என்று பட்டம் கொடுத்ததும் அவர்தான்.

இருவருக்கும் சண்டை கிடையாது. ஒட்டுதலும் கிடையாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு மாமியார் அவளை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. பெயர் சொல்ல மாட்டார், வாம்மா போம்மா என்பதும் இல்லை. "அவகிட்டச் சொல்லு, பால் பொங்குதுன்னு" என்று பக்கத்தில் இருக்கும் அவளுக்கே கேட்கும்படி மகனிடம் சொல்வார். மகன் வீட்டில் இல்லையென்றால் மாமனாரிடம் சொல்வார். அந்த இருவரும் இல்லையென்றால் பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொல்வார். ஆரம்பத்தில் அவளுக்கு இது வேடிக்கையாக இருந்தது. போகப் போக உள்ளுக்குள் வலித்தது, ஆனால் யாரிடமும் சொல்லிக்கொள்ளும்படியான வலி இல்லை. மாமியார் என்னைக் கூப்பிடுவதில்லை என்று யாரிடம் போய் முறையிடுவது?

மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்த படுக்கையானபோது, அலுவலகத்தில் சொல்லி ஒரு பெட்டியை வீட்டுக்குக் கொண்டு வந்தாள். வெள்ளோட்டத்துக்காக ஊழியர்கள் வீட்டில் வைத்துப் பார்ப்பது வழக்கம்தான். கூடத்தில் பெட்டியை மாட்டினாள், வாசல் நிலையில் கதவு உணரியை ஒட்டினாள், உள்ளறையில் கட்டிலின் தலைமாட்டில் மணியைத் தொங்கவிட்டாள். மணியில் இரண்டு பொத்தான்கள். பெரியது கூப்பிடுவதற்கு. பக்கவாட்டில் இருக்கும் சின்னது, வந்து நிற்பவர் அமுக்குவதற்கு. யாராவது படுக்கைக்குப் பக்கத்தில் வந்து அந்தச் சின்னப் பொத்தானை அமுக்கினால்தான் அழைப்பு முடிந்ததாகக் கணக்கு. கூடத்து மணி கொஞ்ச நேரம் அடித்துத் தானாக ஓய்ந்தாலும், அழைப்பை அங்கிருந்தபடியே யாரும் முடித்துவைக்க முடியாது. அதற்காகவே அப்படிச் செய்திருந்தார்கள்.

மாட்டி முடித்ததும் மாமியார் கட்டிலில் இருந்தபடி பெட்டியைப் பற்றி மாமனாரிடம் விசாரித்தார். பிறகு, கேட்க வேண்டியவளிடமே கேட்டார்.

"நான் கூப்பிடும்போது அது தூங்கிட்டிருந்தா?"

"எழுந்திருக்கும் அத்தை. அதுக்குத்தானே நான் வேலை பாக்கறேன்."

"பாக்கலாம்" என்றார் மாமியார்.

வேலை ஒழுங்காகவே நடந்தது. எந்தெந்தச் சாதனத்துக்கு எழுப்பும் உரிமை உண்டு என்பதில் அவள் கறாராக இருந்தாள். ஆள் நடமாடிக்கொண்டிருக்கும்வரை பஸ் தூங்காது, ஆனால் தூங்கிவிட்ட பஸ்ஸை எழுப்பும் உரிமை நடமாட்டத்துக்கு இல்லை. திரைச்சீலை ஆடினால்கூட எழுப்பிவிடும் சனியன் அது. கதவும் படுக்கை மணியும் மட்டுமே எழுப்பலாம். வயதானவர்கள் இரவில்தான் அதிகம் தடுமாறுவார்கள் என்பதால் இரவு முழுக்க பஸ் விழித்தே இருக்கும், பகலில்தான் தூங்கும். மாமியார் தண்ணீருக்கு அமுக்குவார், தலையணையைச் சரிசெய்ய அமுக்குவார், சும்மாவும் அமுக்குவார். மாமனார் எழுந்து போவார், சின்னப் பொத்தானைத் தட்டுவார், "சொல்லு" என்பார்.

மாமனார் அச்சகத்தில் பிழை திருத்துகிறவராக இருந்து ஓய்வு பெற்றவர். காது பாம்புக் காது. பிற்பகலில் மாமியார் கண்ணயர்ந்ததும் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, கையில் பென்சிலோடு செய்தித்தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படிப்பார். பிழை கண்டால் சுழிப்பார். அப்போது பார்த்தால் ஆளா பொம்மையா என்று சந்தேகம் வரும், அப்படி ஆடாமல் அசையாமல் இருப்பார்.

அன்று அவள் தலைவலி என்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் முன்னதாகவே கிளம்பி வந்தாள். சாவி போட்டு வாசல் கதவைத் திறந்தாள். ஒரு கால் இன்னும் வெளியேதான் இருந்தது, கூடத்தில் மணி அடித்தது. மாமனார் செய்தித்தாளைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார். செருப்பைக்கூடக் கழற்றாமல் அவளும் பின்னாலேயே போனாள். மாமியார் மணியைப் பிடித்தபடி கிடந்தார். கட்டைவிரல் பெரிய பொத்தான் மேல் இருந்தது. உயிர் இல்லை.

அவள் அந்தக் கையைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. இப்போதுதான் மணி அடித்த கை இப்படிக் குளிருமா என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் அதைத் தள்ளிவிட்டாள். வயதானவர்களுக்குக் கை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். அன்றைக்கு அந்தக் கூச்சல் குழப்பத்தில் சின்னப் பொத்தானை யாரும் அமுக்கவில்லை. அது யாருக்கு நினைவுக்கு வரும்?

கதை கட்டியது நாத்தனார். "உன் காலடிச் சத்தம் கேட்டிருக்கு. மருமக வந்துட்டா, பாத்துட்டுப் போயிடலாம்னு கடைசி மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கூப்பிட்டிருக்கு. பெத்த பொண்ணு என்னைக்கூடக் கூப்பிடலை, உன்னைத்தான் கூப்பிட்டுது" என்று அழுதாள். வந்தவர்கள் எல்லோரிடமும் அதைச் சொன்னாள், வராதவர்களுக்குப் போன் போட்டுச் சொன்னாள். சொல்லச் சொல்ல அதுவே நடந்ததாகிவிட்டது. அவள் மறுக்கவில்லை. மறுக்க மனம் வரவில்லை. வாழ்ந்த காலம் முழுக்க ஒருமுறைகூடக் கூப்பிடாதவர் போகும்போது கூப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்பது அவளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

வந்தவர்கள் எல்லோரும் போய் வீடு அடங்கி, விடுப்பு முடிந்து வேலைக்குப் போய்த் திரும்பிய முதல் நாள் மாலை, கதவைத் திறந்தாள். மணி அடித்தது.

உள்ளறையில் கட்டில் காலி. மணி தலைமாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆடக்கூட இல்லை. கூடத்தில் மாமனார் நாற்காலியில் இருந்தார், செய்தித்தாளைத் தாழ்த்தியிருந்தார், அவளைப் பார்க்கவில்லை.

"உன்னைத்தான். போய்ப் பாரு" என்றார்.

மறுநாளும் அடித்தது. அதற்கு மறுநாளும். அவள் கதவைத் திறந்தால் மட்டும். அவளுக்குப் பிறகு வீட்டுக்கு வரும் கணவன் திறந்தால் அடிக்காது. ஒருநாள் விடுப்பில் வீட்டில் படுத்திருந்து தன் காதாலேயே கேட்டவன் வெலவெலத்துப் போனான். பெட்டியைக் கழற்றிவிடலாம் என்றான். மாமனார் கூடாது என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "கூப்பிடறவளைக் கழட்டி வைக்கிறதா" என்றார்.

முதலில் அவள் பயந்தாள். பிறகு பயம் எப்போது போனது என்று அவளுக்கே தெரியவில்லை. மணி அடித்ததும் உள்ளே போய்க் கட்டில் ஓரமாக நின்று, "வந்துட்டேன் அத்தை" என்பாள். கொஞ்ச நேரம் இருந்து அலுவலகத்துக் கதைகளைச் சொல்வாள். உயிரோடு இருந்தபோது அவரிடம் அவ்வளவு பேசியதில்லை. மாலையானால் கால்கள் தானாக வேகமெடுத்தன. அறையில் இருப்பது என்ன என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. ஆனால் ஏதோ ஒன்று அவளுக்காகக் காத்திருக்கிறது, அவள் வந்ததும் தெரிந்துகொள்கிறது. அது போதுமாக இருந்தது.

காரணமில்லாமல் ஒரு பஸ் எழுந்தால் காரணத்தைத் தோண்டி எடுப்பதுதான் அவள் பிழைப்பு. மடிக்கணினியைப் பெட்டியில் செருகிப் பார்க்க ஒரு மாலை போதும். அவள் செருகவில்லை. எங்கோ கம்பி தளர்ந்திருக்கும் என்று ஒரு பக்கம் சொல்லிக்கொண்டாள். தளர்ந்த கம்பியைத் தேடவேண்டாம் என்று இன்னொரு பக்கம் தன்னையே பிடித்து இழுத்துக்கொண்டாள். மாமனார் மட்டும் நாளுக்கு நாள் வாடிப் போனார். மணி அடிக்கும்போதெல்லாம் அவர் முகம் இறுகுவதை அவள் கவனித்தாள். மனைவி போன துக்கம் என்று நினைத்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு முதியோர் இல்லத்திலிருந்து அலுவலகத்துக்குப் புகார் வந்தது. காலியான படுக்கையிலிருந்து மணி அடிக்கிறது. தாழ்வாரத்துக் கதவைத் திறந்தால் அடிக்கிறது. அங்கே வேலை செய்கிற பெண்கள் அந்த அறைக்குள் தனியாகப் போக மாட்டோம் என்கிறார்கள். அலுவலகத்தில் அதற்குப் பேய் மணி என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கையில் இருந்த தேநீரை மேசையில் வைத்தாள், அது அப்படியே ஆறிப்போனது.

சோதனைப் பிரிவில் இருந்தவனை நோண்டி என்பார்கள். எதையும் நோண்டாமல் விடமாட்டான். புகார் வந்த கையோடு ஒரு மேசையில் பெட்டியை வைத்து, சாப்பாட்டு டப்பாவின் மூடியில் கதவு உணரியை ஒட்டி, மணிக்கு மேலே மோட்டாரில் அசையும் ஒரு பிளாஸ்டிக் விரலைப் பொருத்திவிட்டு அவளைக் கூப்பிட்டான்.

"அக்கா, வாங்க. ஒரு வேடிக்கை காட்டறேன். இப்ப பஸ் தூங்கப் போகுது. கரெக்டா அந்த நேரத்துல மணியை அமுக்கறேன் பாருங்க."

விரல் இறங்கிப் பெரிய பொத்தானை அமுக்கியது. பெட்டி பேசாமல் இருந்தது.

"அடிக்கலையே" என்றாள்.

"அடிக்கலை. இன்னும் அமுக்கறேன் பாருங்க."

விரல் எழுந்தது, இறங்கியது. எழுந்தது, இறங்கியது. பெட்டி பேசவில்லை. நோண்டி சலிக்காமல் அமுக்கவிட்டுக்கொண்டே இருந்தான். பிறகு டப்பா மூடியைத் திறந்தான். மணி அடித்தது.

"கதவு கூப்பிடற மாதிரி இருக்கு, இல்லக்கா? ஆனா கூப்பிட்டது இந்த விரல்தான். எப்பவோ கூப்பிட்டது, இப்பதான் வந்து சேருது."

"இன்னொரு தடவை காட்டு" என்றாள். அவன் காட்டினான். அந்த விரல் எழுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கண்ணில் பட்டது பிளாஸ்டிக் விரல் இல்லை.

இடத்துக்கு வந்து தன் நிரலைத் திறந்தாள். தேட வேண்டியிருக்கவில்லை. தூங்கப் போகும் முன் பஸ் கடைசியாக ஒருமுறை எல்லோரிடமும் கேட்கும், யாராவது கூப்பிடுகிறீர்களா என்று. யாரும் இல்லையென்றால் காதைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கும். கேட்டு முடிப்பதற்கும் காதைத் திறப்பதற்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி. கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. அதற்குள் யாராவது மணியை அமுக்கினால் பஸ்ஸுக்குத் தெரியாது. மணியோ, தான் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்ளும். சின்னப் பொத்தானை யாராவது வந்து அமுக்கும்வரை அது மறுபடி குரல் கொடுக்காது, பெரிய பொத்தானை எத்தனை தடவை அமுக்கினாலும் சரி. அப்புறம் கதவு திறந்து பஸ் எழுந்து எல்லோரையும் விசாரிக்கும்போது மணி தன்னிடம் கிடக்கும் பழைய அழைப்பைச் சொல்லும். ஒவ்வொரு முறை எழுந்து கேட்கும்போதும் அதையே சொல்லும். வீட்டில் மாலையில் அவள் திறந்ததும் எழுந்த பஸ் இரவு முழுக்க விழித்தே இருந்ததால்தான் பிறகு வந்த கணவனுக்கு அது அடிக்கவில்லை. முதலில் காதைத் திறந்துவிட்டு, பிறகு யாராவது கூப்பிடுகிறார்களா என்று கேட்டிருக்க வேண்டும். இரண்டு வரிகளை முன்பின்னாக எழுதியிருந்தாள். எழுதியவள் அவள்தான், வேறு யாரும் கை வைத்ததில்லை.

மேலாளர் வந்து எட்டிப் பார்த்தார். "அனாவசிய மணின்னு குறிச்சுக்கலாமா? கொஞ்சம் பேட்டரி வீணாகும், அவ்வளவுதானே."

"அனாவசிய மணி இல்லை சார். நிஜமான மணி. லேட்டா வருது."

"எவ்வளவு லேட்டா?"

"யாராவது கதவைத் திறக்கிற வரைக்கும்."

மேலாளர் தன் இடத்துக்குத் திரும்பிப் போனார். அந்த முதியோர் இல்லத்துப் படுக்கையில் முன்பு இருந்தவர் என்ன ஆனார் என்று அவள் நோண்டியிடம் கேட்டாள். அதைக் கேட்கத் தோன்றவில்லை என்றான் அவன். இரண்டு வரிகளையும் இடம் மாற்றிச் சரிபார்க்க அனுப்பிவிட்டு, அவள் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர் வீணாகிறதே என்று ஒரு கணம் தோன்றியது. மூடவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளை அரித்தது ஒன்றுதான். சொல்வதா, விடுவதா? அவள் வாயைத் திறக்காவிட்டால் ஒன்றும் ஆகாது. இன்று போய் யாருக்கும் தெரியாமல் சின்னப் பொத்தானை அமுக்கிவிட்டால் மணி நின்றுவிடும். மாமியாருக்கு மனம் ஆறிவிட்டது என்று நாத்தனார் அதற்கும் ஒரு கதை கட்டிவிடுவாள். அமுக்காமலே விட்டாலும் கேட்பார் இல்லை, நாள்தோறும் அந்த அழைப்பு அவளுக்கே கிடைத்துக்கொண்டிருக்கும். சொன்னாலோ அது அவளைக் கூப்பிட்ட மணி இல்லை என்றாகிவிடும். அது போகட்டும். அந்தப் பிற்பகல் முழுக்க மாமனார் கூடத்தில்தான் இருந்தார். மனைவி உள்ளே அமுக்கிக்கொண்டிருக்க, தான் வெளியே செய்தித்தாளில் பிழை சுழித்துக்கொண்டிருந்தோம் என்று தெரிந்தால் அந்த மனிதர் தாங்குவாரா?

கதவைத் திறந்தாள். மணி அடித்தது. தினமும் கேட்ட அதே சத்தம்தான். அன்றைக்கு அவளால் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. உள்ளே யாரோ கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோய், கதவு திறக்கட்டும் என்று கிடக்கிற மாதிரி இருந்தது.

"உன்னைத்தான். போய்ப் பாரு" என்றார் மாமனார்.

அவள் போகவில்லை. பையை இறக்கி வைத்துவிட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"மாமா, அன்னைக்கு அத்தை என்னைக் கூப்பிடலை."

அவர் செய்தித்தாளை மடித்தார். அவள் சொன்னாள். பஸ்ஸைப் பற்றி, அது எப்படித் தூங்கப் போகும் என்பதைப் பற்றி, தான் முன்பின்னாக எழுதிய இரண்டு வரிகளைப் பற்றி. பிழை திருத்திப் பிழைத்த மனிதருக்கு, வரி முன்பின்னாகிவிட்டது என்றால் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பென்சிலை உருட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீ வர்றதுக்கு முன்னாடியே அமுக்கிட்டா."

"ஆமா மாமா."

"எவ்வளவு முன்னாடி?"

"தெரியலை. நான் தொட்டப்ப கை சில்லுனு இருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லலை."

"நானும்தானே தொட்டேன்" என்றார்.

பெட்டிக்குள் பஸ் விழித்துக்கொண்டிருப்பதைக் காட்டும் பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு கேட்டார். "எத்தனை தடவை அமுக்கினா?"

"அது தெரியாது மாமா. ஒரு தடவை அமுக்கினாலும் நூறு தடவை அமுக்கினாலும் அந்த மணிக்கு ஒண்ணுதான்."

"எதுக்குக் கூப்பிட்டா? தண்ணிக்கா?"

"அதுவும் தெரியாது."

"நாற்காலி கிறீச்சுன்னா முழிச்சிடுவாளேன்னு அசையாமக் கிடந்தேன். நான் எழுந்து நடந்திட்டிருந்தா அது அடிச்சிருக்குமா?"

இந்தக் கேள்விக்கு மட்டும் ஒரு பொய் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். அவர் கண் அவள் முகத்தில் இருந்தது. "நடந்திட்டிருந்தா அது தூங்கப் போயிருக்காது மாமா. ஆனா தப்பு நான் எழுதினதுல. நீங்க நடந்தாலும் உட்கார்ந்தாலும் அது அடிச்சிருக்கணும்."

"ரெண்டு பேரும் சேர்ந்து அவளைக் காக்க வச்சிருக்கோம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் உடைந்துபோவார் என்று காத்திருந்தாள். அவர் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப வீட்ல வேற யாரு இருந்தா?"

"யாரும் இல்லை. நீங்க மட்டும்தான்."

"நான் மட்டும்தான்."

"ஆமா மாமா."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "நீ கதவைத் திறக்கும்போதெல்லாம் நினைச்சுப்பேன். காலமெல்லாம் கூட வாழ்ந்தவன் எட்டற தூரத்துல உட்கார்ந்திருக்கேன். என்னைக் கூப்பிடாம, நீ வர்ற வரைக்கும் காத்திருந்து உன்னைக் கூப்பிட்டாளேன்னு. அப்படி நான் என்ன குறை வச்சேன்னு. உன் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கலை. மணி அடிச்சா எந்திரிச்சு நீ போற, நான் உட்கார்ந்திருக்கேன்." உள்ளறைப் பக்கம் திரும்பினார். "என்னைத்தான் கூப்பிட்டிருக்கா."

அந்த முகத்தில் வந்தது சந்தோஷமா, இடி விழுந்த அதிர்ச்சியா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் ஒன்றாக வந்தன. அவளால் பார்க்க முடியவில்லை. அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழும்போது நாற்காலி கிறீச்சிட்டது. உள்ளறைக்குப் போனார். அவள் பின்னால் போகவில்லை. அது அவளுடைய அழைப்பு இல்லை.

பிறகு, "வந்துட்டேன். சொல்லு" என்று அவர் குரல் கேட்டது. சின்னப் பொத்தான் அமுங்கும் சத்தமும் கேட்டது.

மறுநாள் மாலை அவள் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தாள். பெட்டியில் பச்சை விளக்கு வந்தது. பஸ் எழுந்து கதவை விசாரித்தது, மணியை விசாரித்தது, மணியிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக, கையில் சாவியோடு, காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஒன்றுமில்லை என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் கிடையாது. அப்படியும் நின்றாள். மாமியார் அவளை ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

மாமனார் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். "கதவைச் சாத்திட்டு உள்ள வாம்மா" என்றார்.